அகச்சிவப்பு உணரிகளில் ஒளிக்கடத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெட் சல்பைடு, இண்டியம் ஆன்டிமனைடு, மெர்க்குரி காட்மியம் டெல்லுரைடு. அகச்சிவப்பு உணரிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே இந்தப் பெயர்கள் வந்து நிற்கும். எதற்கு இத்தனை வகை, சிலவற்றுக்கு மட்டும் ஏன் திரவ நைட்ரஜன், எதை வாங்கினால் காசு வீணாகாது என்று மாணவர்களும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் இங்கே பதில். சமன்பாடுகளைக் கூடியமட்டும் தவிர்த்திருக்கிறேன். எண்களைத் தவிர்க்கவில்லை, எண் இல்லாமல் இந்த விஷயம் பிடிபடாது.

ஒளிக்கடத்தல் என்றால் என்ன?

ஒளி பட்டால் படிகத்தின் மின்தடை குறையும். அதுதான்.

கொஞ்சம் விரித்துச் சொன்னால்: குறைக்கடத்தியில் பெரும்பாலான எலக்ட்ரான்கள் இணைதிறன் பட்டையில் கட்டுண்டு கிடக்கின்றன. அதற்கு மேலே கடத்துப் பட்டை. இரண்டுக்கும் நடுவே எலக்ட்ரான் நிற்க இடமில்லாத ஓர் ஆற்றல் இடைவெளி. உள்ளே வரும் ஃபோட்டானிடம் அந்த இடைவெளியைத் தாண்டவைக்கும் அளவு ஆற்றல் இருந்தால் ஓர் எலக்ட்ரான் மேலே போகும். அது விட்டுப்போன இடம் துளையாக நடமாடும். இரண்டுமே மின்னோட்டத்தைச் சுமக்கும். படிகத்தின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் கொடுத்து வைத்திருந்தால் ஓட்டம் கூடுவது தெரியும். ஒளி போனதும் எலக்ட்ரானும் துளையும் மறுபடி சேர்ந்துகொள்ளும், தடை பழையபடி ஏறிவிடும். இதில் டையோடு சந்தி எதுவும் கிடையாது. ஒரு துண்டுப் படிகம், இரண்டு கம்பி, ஒரு பேட்டரி.

பள்ளியில் பார்த்த எல்.டி.ஆரும் இதுவும் ஒன்றா?

தத்துவம் ஒன்று, படிகம் வேறு. எல்.டி.ஆரில் (ஒளி பட்டால் தடை மாறும் சின்ன உறுப்பு) இருப்பது காட்மியம் சல்பைடு. அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அவ்வளவு உயரத்துக்கு எலக்ட்ரானைத் தூக்கக் கண்ணுக்குத் தெரியும் ஒளிதான் வேண்டும். பச்சை, மஞ்சளைத் தாண்டி அகச்சிவப்புப் பக்கம் போனால் அதன் உணர்திறன் விழுந்துவிடும். டி.வி. ரிமோட்டை எல்.டி.ஆர் முன் நீட்டி அமுக்கிப் பாருங்கள், அசையாது. ரிமோட்டின் 0.94 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீள ஒளியைப் பிடிப்பது டி.வி.க்குள் இருக்கும் சிலிக்கான் டையோடு.

இதை முதலில் கவனித்தது யார்?

1873ல் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அவர் ஒளியைப் பற்றி ஆராயவே இல்லை. கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க மிக உயர்ந்த மின்தடை தேவைப்பட்டது, அதற்குச் செலினியம் தண்டுகளைப் பயன்படுத்தினார். அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. தண்டுகளை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தினால் தடை ஏறியது, திறந்தால் இறங்கியது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1880ல், கிரகாம் பெல்லும் அவர் உதவியாளர் டெய்ன்டரும் அதே செலினியத்தை வைத்து ஒளிக்கற்றையில் குரலை அனுப்பினார்கள்.

அகச்சிவப்புக்கு வந்தது இன்னும் தாமதமாக. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா என்ற இயற்கை லெட் சல்பைடு படிகத்தை உணரியாகப் பயன்படுத்தி 1901ல் அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1904ல் கிடைத்தது. அது உலோக முனை படிகத்தைத் தொடும் முனைத்தொடர்பு வகை, இன்றைய பொருளில் ஒளிக்கடத்தி இல்லை. ஆனால் பின்னாளில் இந்தத் துறையையே தாங்கிய படிகம் அவர் மேசையில் அப்போதே இருந்தது. 1917ல் அமெரிக்காவில் தியோடர் கேஸ் தாலியம் சல்பைடு கலத்தைச் செய்தார். அது ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

உண்மையான பாய்ச்சல் 1933ல். பெர்லின் பல்கலைக்கழகத்தில் எட்கர் குட்ஷர், லெட் சல்பைடு ஒளிக்கடத்தி என்றும் அதன் எல்லை 3 மைக்ரான் வரை போகிறது என்றும் கண்டார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அதை ரகசியமாக வளர்த்தது. அந்தப் பக்கம் அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேஷ்மன் தனியாக அதே படிகத்துக்கு வந்து சேர்ந்தார். இந்தத் துறையின் வரலாற்றில் பாதி ராணுவ வரலாறு. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

எந்தப் படிகம் எந்த அலைநீளத்தைப் பார்க்கும்?

மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே கணக்கு: 1.24ஐ ஆற்றல் இடைவெளியால் (எலக்ட்ரான் வோல்ட்டில்) வகுத்தால், அந்தப் படிகம் பார்க்கும் மிக நீண்ட அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். சிலிக்கான் 1.12, ஆக 1.1 மைக்ரான். ஜெர்மானியம் 0.66, ஆக 1.9. லெட் சல்பைடு அறை வெப்பநிலையில் 0.41, ஆக 3. லெட் செலினைடு 0.27, அது 4.6 வரை போகும். இண்டியம் ஆன்டிமனைடு 77 கெல்வினில் (திரவ நைட்ரஜனின் குளிரில்) 0.23, ஆக 5.4.

இந்த எண்களை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்றால், பார்க்கப்படும் பொருளும் காற்றும் நம் விருப்பத்துக்கு வளையாது. மனித உடல் 310 கெல்வின். அதன் கதிர்வீச்சு உச்சம் 9.3 மைக்ரான். 800 கெல்வினில் கொதிக்கும் ஜெட் எஞ்சின் வால் 3.6 மைக்ரான். நடுவில் காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. 3 முதல் 5 மைக்ரான் வரை ஒரு ஜன்னல், 8 முதல் 14 வரை இன்னொன்று. நெடுந்தொலைவு பார்க்க வேண்டிய எல்லாக் கருவியும் இந்த இரண்டில் ஒன்றின் வழியாகத்தான் பார்க்கிறது.

சைடுவைண்டர் ஏவுகணையை எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் சைனா லேக்கில் வில்லியம் மக்லீன் குழு உருவாக்கியது, 1956ல் படையில் சேர்ந்தது. முதல் வகைகளின் மூக்கில் இருந்தது குளிரூட்டப்படாத லெட் சல்பைடு. 3 மைக்ரானுக்குக் கீழே பார்க்கும் கண்ணுக்கு விமானத்தின் மிகச் சூடான இடம், அதாவது எஞ்சினின் பின்வாய், மட்டுமே தெரியும். ஆகவே பின்னாலிருந்துதான் சுட முடியும். சூரியன் பக்கம் திரும்பினால் அதையே குறிவைத்துவிடும். பிற்பாடு குளிரூட்டிய இண்டியம் ஆன்டிமனைடு வந்து 4 மைக்ரான் பக்கம் பார்க்கத் தொடங்கியதும் முன்னாலிருந்தும் விமானம் தெரிந்தது.

8 முதல் 14 மைக்ரானுக்கு எது?

இயற்கை அங்கே வசதியான படிகம் எதையும் தரவில்லை, செய்ய வேண்டியிருந்தது. காட்மியம் டெல்லுரைடின் இடைவெளி 1.5 எலக்ட்ரான் வோல்ட். மெர்க்குரி டெல்லுரைடுக்கு இடைவெளியே கிடையாது, அது அரை உலோகம். இரண்டையும் கலந்தால் நடுவில் எந்த இடைவெளியையும் பெறலாம் என்பதை இங்கிலாந்தின் மால்வெர்ன் ராடார் ஆய்வு நிறுவனத்தில் லாசன், நீல்சன், புட்லி, யங் நால்வரும் 1959ல் வெளியிட்டார்கள். உலோக அணுக்களில் ஐந்தில் ஒரு பங்கு காட்மியம் வைத்தால் 8–14 ஜன்னல். 30 சதவீதம் வைத்தால் 3–5 ஜன்னல். ஆய்வகங்களில் இந்த மெர்க்குரி காட்மியம் டெல்லுரைடை யாரும் முழுப் பெயரில் கூப்பிடுவதில்லை, எம்.சி.டி. என்பார்கள். டெல்லியில் டி.ஆர்.டி.ஓ.வின் திண்மநிலை இயற்பியல் ஆய்வகம் நீண்ட காலமாக இதில் உழைக்கிறது.

கலப்பது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். மெர்க்குரி சூட்டில் ஆவியாகி ஓடப் பார்க்கும். மூடிய குவார்ட்ஸ் குழாய்க்குள் உருக்கும்போது ஆவியழுத்தம் ஏறிக் குழாய் வெடிப்பது இந்தத் தொழிலின் பழைய தொல்லை. கலவை விகிதம் துளி மாறினாலும் அலைநீள எல்லை நகர்ந்துவிடும்.

ஏன் குளிர வைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எலக்ட்ரானைக் கடத்துப் பட்டைக்குத் தூக்குவது ஒளி மட்டுமல்ல. படிகத்தின் வெப்ப அதிர்வும் தூக்கும். மேலே வந்து சேர்ந்தபின் ஒரு எலக்ட்ரானைப் பார்த்து நீ ஒளியால் வந்தாயா, வெப்பத்தால் வந்தாயா என்று கேட்க வழியில்லை. இரண்டும் ஒரே மாதிரி ஓடும், ஒரே கம்பியில் வெளியே வரும். எந்தப் படிகம், எவ்வளவு குளிர், எவ்வளவு மெல்லிய துண்டு, ஒளியை ஏன் துண்டித்து அனுப்புகிறோம் என்று இந்தத் துறையில் நடக்கும் அநேகமாக எல்லா ஏற்பாடும் இந்த ஒரு சிக்கலிலிருந்தே கிளம்புகிறது.

நீண்ட அலைநீளத்தைப் பார்க்கச் சிறிய இடைவெளி வேண்டும். சிறிய இடைவெளி என்றால் வெப்பத்துக்கும் தாண்டுவது சுலபம். 0.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியுள்ள எம்.சி.டி.யை 300 கெல்வினிலிருந்து 77 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸுக்கு, இறக்கினால் வெப்பநிலையோடு வேகமாக மாறும் அடுக்குக்குறிக் காரணி மட்டுமே வெப்ப எலக்ட்ரான்களைச் சுமார் 270 மடங்கு குறைத்துவிடும்.

எவ்வளவு குளிர் வேண்டும் என்று மனக்கணக்காகப் போட ஒரு வழி உண்டு. இடைவெளியை வெப்பநிலையால் வகுத்துப் பாருங்கள். லெட் சல்பைடு: 0.41ஐ 300ஆல் வகுத்தால் 0.0014. எம்.சி.டி.: 0.1ஐ 77ஆல் வகுத்தால் 0.0013. கிட்டத்தட்ட ஒன்றுதான். வெப்பத்தின் தொல்லை என்ற கணக்கில், அறையில் சும்மா கிடக்கும் லெட் சல்பைடும் திரவ நைட்ரஜனில் முங்கிய எம்.சி.டி.யும் ஒரே நிலையில் இருக்கின்றன. முதலாவது குளிரூட்டாமல் வேலை செய்வதில் மாயம் ஒன்றும் இல்லை.

வெப்ப எலக்ட்ரான்களின் ஓட்டத்தை அளந்து கழித்துவிடலாமே?

சராசரியைக் கழிக்கலாம், அதற்கு ஒரு மின்தேக்கி போதும். ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. எலக்ட்ரான்கள் மேலே போவதும் திரும்ப விழுவதும் தற்செயலாக நடப்பவை. சராசரியில் பத்தாயிரம் இருந்தால் சுமார் நூறு கூடும், குறையும். ஒளி கொண்டுவந்தது ஐம்பது என்றால் அது அந்த ஆட்டத்தில் காணாமல் போகும். உருவாக்க-மறுசேர்க்கை இரைச்சல் என்று இதற்குப் பெயர். குளிர வைப்பது சராசரியைக் குறைக்க அல்ல, இந்த ஆட்டத்தைக் குறைக்க.

எவ்வளவு குளிர வைத்தாலும் ஓர் இடத்தில் நின்றுவிடும். உணரியைச் சுற்றியுள்ள சுவர், லென்ஸ், நீங்கள், எல்லாமே 300 கெல்வினில் ஃபோட்டான்களை வீசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பின்னணி ஃபோட்டான்களின் ஆட்டமே மிஞ்சும் நிலைக்கு வந்துவிட்டால் மேலும் குளிர வைத்துப் பயனில்லை. அப்போது செய்ய வேண்டியது உணரிக்கு முன்னால் ஒரு குளிர்ந்த தடுப்பு வைத்துப் பார்வைக் கோணத்தைச் சுருக்குவது. விண்வெளியில் இந்தத் தொல்லை குறைவு. இன்சாட்-3டி போன்ற வானிலைச் செயற்கைக்கோள்களில் உணரியை விண்ணின் குளிரை நோக்கிய ஒரு கதிர்வீச்சுத் தகடே மின்சாரம் இல்லாமல் குளிர வைக்கிறது.

குளிர வைத்தால் எல்லை அலைநீளம் மாறுமா?

மாறும், திசையில்தான் குழப்பம். சிலிக்கான், ஜெர்மானியம், இண்டியம் ஆன்டிமனைடு ஆகியவற்றில் குளிர்ந்தால் இடைவெளி பெருகும், எல்லை குறையும். லெட் உப்புகள் (லெட் சல்பைடு, லெட் செலினைடு) நேர்மாறு: குளிர்ந்தால் இடைவெளி சுருங்கும். லெட் சல்பைடை 77 கெல்வினுக்கு இறக்கினால் 0.41 என்பது 0.3க்கு வந்து, எல்லை 3 மைக்ரானிலிருந்து 4க்குப் போகும். தேர்வில் கேட்டால் தவறாமல் தப்பாக எழுதப்படும் கேள்வி இது.

லெட் சல்பைடு என் கையின் சூட்டைப் பார்க்குமா?

அநேகமாகப் பார்க்காது. மேசையில் செய்து பார்க்கலாம். குளிரூட்டாத ஒரு லெட் சல்பைடு கலத்தை அதன் இருள் தடைக்கு (ஒளி படாதபோது உள்ள தடைக்கு) சமமான மின்தடையோடு தொடராக இணைத்து, சில பத்து வோல்ட் கொடுங்கள். நடுப்புள்ளியை மின்தேக்கி வழியாகப் பெருக்கிக்கும், அங்கிருந்து அலைக்காட்டிக்கும் கொண்டுபோங்கள். கலத்தின் முன்னால் துளையிட்ட சக்கரம் ஒன்று சுழலட்டும். இப்போது சால்டரிங் அயர்னை நன்றாகச் சூடாக்கிக் காட்டுங்கள். 350 டிகிரி செல்சியஸில் அதன் நுனி கண்ணுக்குக் கறுப்பாகத்தான் இருக்கும், துளி ஒளி வராது. திரையில் மட்டும் மூலைகள் சற்று மழுங்கிய சதுர அலை எழும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அயர்ன் ஆற ஆற அலை தணிந்துகொண்டே வந்து இரைச்சலில் மூழ்கும். அயர்ன் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால் அந்த இரைச்சல் கோடு அப்படியே கிடக்கும். கையின் கதிர்வீச்சு பெரும்பாலும் 9 மைக்ரான் பக்கம். இந்தப் படிகம் 3ல் நின்றுவிடுகிறது.

மூலை மழுங்கியது ஏன் என்று கேட்பீர்கள். லெட் சல்பைடு மெதுவானது, பதில் சொல்ல நூறு முதல் சில நூறு மைக்ரோ நொடி ஆகும். லெட் செலினைடு சில மைக்ரோ நொடியில் பதில் சொல்லும்.

சுழலும் சக்கரம் எதற்கு?

ஒளி இல்லாமலே ஓடும் இருள் மின்னோட்டத்திலிருந்து ஒளி மின்னோட்டத்தைப் பிரிக்க. வெப்பத்தால் வரும் ஓட்டம் சீராக ஓடும். ஒளியை நொடிக்கு எழுநூற்று எண்பது முறை துண்டித்தால் அதனால் வரும் பங்கு மட்டும் எழுநூற்று எண்பது ஹெர்ட்ஸில் துடிக்கும். அந்த அதிர்வெண்ணை மட்டும் லாக்-இன் பெருக்கியால் பொறுக்கி எடுக்கலாம். கூடவே, குறைந்த அதிர்வெண்ணில் பெருகும் இரைச்சலிலிருந்தும் தப்பலாம். 50 ஹெர்ட்ஸின் மடங்குகளைத் தவிர்த்து அதிர்வெண் வையுங்கள், இல்லையென்றால் டியூப்லைட்டைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

ஒரு ஃபோட்டானுக்கு ஒரு எலக்ட்ரானுக்கு மேல் கிடைக்கும் என்கிறார்களே, எப்படி?

ஒளிக்கடத்தியின் அழகே இதுதான், இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஃபோட்டான் உண்டாக்குவது ஒரே ஒரு எலக்ட்ரான்-துளை இணைதான். ஆனால் எலக்ட்ரான் வேகமாக ஓடும், துளை மெதுவாக நகரும். எலக்ட்ரான் நேர்முனையில் வெளியேறியதும் படிகத்தில் துளை மட்டும் மிஞ்சுகிறது. படிகம் மின்நடுநிலையில் இருந்தாக வேண்டும் என்பதால் எதிர்முனையிலிருந்து இன்னொரு எலக்ட்ரான் உள்ளே வருகிறது. அதுவும் ஓடி வெளியேறும், அடுத்தது வரும். துளை சாகும்வரை இது தொடரும். ஆகவே பெருக்கம் என்பது துளையின் ஆயுளை எலக்ட்ரானின் கடக்கும் நேரத்தால் வகுத்த எண்.

எண் போட்டால்: 77 கெல்வினில் எம்.சி.டி.யில் எலக்ட்ரானின் இயக்க எண் (மின்புலத்தில் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதன் அளவு) வோல்ட்-நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் சதுர சென்டிமீட்டர். 50 மைக்ரான் நீளத் துண்டுக்கு 0.1 வோல்ட் கொடுத்தால் கடக்கும் நேரம் 2.5 நானோ நொடி. ஆயுள் ஒரு மைக்ரோ நொடி என்றால் பெருக்கம் 400.

சரி, மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் பெருக்கமும் ஏறுமா? ஏறாது. துளையும் நகரத்தானே செய்கிறது. அதன் இயக்க எண் 500 என்று கொண்டால், மேலே சொன்ன அதே 0.1 வோல்ட்டில் துண்டைக் கடக்க அரை மைக்ரோ நொடி. ஆயுள் முடிவதற்கு முன்பே முனையில் விழுந்து அழிந்துவிடும். ஆகவே அந்த 400ஐயே முழுதாக எட்ட முடியாது. இந்த எண்களுக்குப் பெருக்கம் நூறு பக்கம் நின்றுவிடும். மின்னழுத்தத்தை மேலும் ஏற்றினால் சூடுதான் மிச்சம்.

லெட் சல்பைடில் கதை சற்று வேறு. அது துளைகள் ஓடும் படலம்; சிறுபான்மையான எலக்ட்ரான்கள் படிகத் துணுக்குகளின் ஓரங்களில் ஆக்ஸிஜன் உண்டாக்கிய பொறிகளில் மாட்டிக்கொள்கின்றன. மாட்டிய எலக்ட்ரான் வெளியே வரும்வரை துளைகள் ஓடிக்கொண்டே இருக்கும். உணர்திறன் கூடுவதும் வேகம் குறைவதும் அதே பொறியால்தான். ஒன்றை விட்டு மற்றொன்றை வாங்க முடியாது.

விவரத்தாளில் டி-ஸ்டார் என்று ஓர் எண் இருக்கிறதே?

உணரியின் பரப்பளவும் அளக்கும் அதிர்வெண் அகலமும் வேறுபட்டாலும் இரண்டு உணரிகளை ஒப்பிட உதவும் எண். பெரிதாக இருந்தால் நல்லது. ஆர். கிளார்க் ஜோன்ஸ் என்பவர் கொண்டுவந்தது, அலகுக்கே ஜோன்ஸ் என்று பெயர். அறை வெப்பநிலை லெட் சல்பைடுக்கு உச்சத்தில் பத்தின் பதினோராம் அடுக்கு ஜோன்ஸ் வரும். எந்த அலைநீளத்தில், எந்தத் துண்டிப்பு அதிர்வெண்ணில், எந்த வெப்பநிலையில் என்ற மூன்றும் கூடவே இல்லையென்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

ஆய்வகத்தில் எஃப்.டி.ஐ.ஆர். (மாதிரியின் அகச்சிவப்பு நிறமாலையை எடுக்கும்) கருவியின் எம்.சி.டி.க்கு ஏன் தினமும் நைட்ரஜன் ஊற்றுகிறோம்?

ஏனென்றால் உணரியைக் குளிர வைக்கும் வெற்றிடக் குடுவையில் ஊற்றியது ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் ஆவியாகிவிடும். முதலில் ஊற்றும்போது அறைச் சூட்டில் இருக்கும் உட்சுவரில் பட்டு நைட்ரஜன் சீறிக்கொண்டு புனல் வழியே திரும்பத் துப்பும். கொஞ்சம் ஊற்றி, வெண்புகை அடங்கும்வரை நின்று, மறுபடி ஊற்ற வேண்டும். சீறல் நின்று அமைதியானால் உள்ளே 77 கெல்வின் வந்துவிட்டது. திரையில் குறுக்கீட்டு வரைபடத்தை (கருவி நேரடியாகப் பதியும் குறிகையை) போட்டு வைத்திருந்தால், தட்டையாகக் கிடந்த கோட்டின் நடுவில் மையக் கூர்முனை சில நிமிடங்களில் முளைத்து வளர்வதைப் பார்க்கலாம். மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் செய்யாதீர்கள்.

குடுவையின் வெற்றிடம் ஆண்டுகள் போகப் போகக் கெடும். எட்டு மணி நேரம் நின்றது மூன்று மணி நேரமானால், வெளிச்சுவரில் வியர்த்தால், மறுபடி வெற்றிடமாக்க அனுப்பும் நேரம் வந்துவிட்டது.

ஒளிக்கடத்தியா, ஒளி டையோடா?

பெரிய படம் எடுக்க வேண்டுமானால் டையோடு, சந்தேகமில்லை. டையோடுக்கு மின்னழுத்தமே கொடுக்காமல் வைக்கலாம், சூடாகாது. எம்.சி.டி. ஒளிக்கடத்தியின் தடை ஐம்பது ஓம் அளவுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் தொடர்ந்து ஓட்டம் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி வெளியே வர வேண்டும். 1970களின் அமெரிக்க ராணுவக் கருவிகளில் 60, 120, 180 புள்ளிகள் கொண்ட வரிசைகள் இருந்தன, படத்தை ஆடியைச் சுழற்றித்தான் கட்டினார்கள். ஒரு லட்சம் புள்ளிக்கு அந்த வழியில் போக முடியாது.

அந்தக் காலத்தில் மால்வெர்னில் டாம் எலியட் செய்த ஒரு தந்திரத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. நீளமான ஒரே எம்.சி.டி. பட்டை. ஆடி சுழன்று ஒரு புள்ளியின் பிம்பத்தைப் பட்டையின் மீது இழுத்துச் செல்லும் வேகமும், படிகத்துக்குள் துளைகள் நகரும் வேகமும் ஒன்றாகும்படி மின்னழுத்தத்தை வைத்தார். பிம்பமும் அது உண்டாக்கிய மின்னூட்டமும் கூடவே பயணம் செய்து, வழியெல்லாம் சேர்ந்து, கடைசியில் ஒரே முனையில் வாசிக்கப்பட்டன. பல உணரிகளின் குறிகைகளைத் தாமதப்படுத்திக் கூட்டும் மின்னணுச் சுற்று செய்ய வேண்டியதை ஒரு கல் துண்டு செய்தது. ஸ்பிரைட் என்று பெயர்.

14 மைக்ரானுக்கு அப்பால்?

அங்கே படிகத்தின் சொந்த இடைவெளியை விட்டுவிட்டு மாசு அணுக்களைப் பயன்படுத்துகிறோம். ஜெர்மானியத்தில் காலியம் சேர்த்தால் அதன் கட்டு ஆற்றல் (மாசு அணுவிலிருந்து மின்னூட்டத்தை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) 0.011 எலக்ட்ரான் வோல்ட்தான். 120 மைக்ரான் வரை பார்க்கும். அந்தப் படிகத்தை ஒரு திருகால் ஓர் அச்சில் இறுக்கி அழுத்தினால் கட்டு இன்னும் தளர்ந்து 200 மைக்ரான் வரை போகும். விலை குளிர்: திரவ ஹீலியம், 4 கெல்வினுக்குப் பக்கத்தில்.

1983ல் பறந்த ஐராஸ் விண்தொலைநோக்கியில் இப்படிப்பட்ட 62 உணரிகள்; ஹீலியம் தீரும்வரை பத்து மாதம் வானத்தைத் துருவியது. 2003ல் போன ஸ்பிட்சரில் 70 மைக்ரானுக்குக் காலியம் சேர்த்த ஜெர்மானியம், 160க்கு அதையே அழுத்திய வகை. ஜேம்ஸ் வெப்பின் மிரி கருவியில் ஆர்சனிக் சேர்த்த சிலிக்கான், 7 கெல்வினுக்குக் கீழே. ஹீலியத் தொட்டிக்குப் பதில் இயந்திரக் குளிரூட்டி.

வானியலில் லெட் சல்பைடுக்கும் பெருமை உண்டு. 1960களில் கால்டெக்கின் நியூகெபாவரும் லைட்டனும் மவுன்ட் வில்சனில் 62 அங்குல எபாக்ஸி ஆடி ஒன்றை வைத்து, லெட் சல்பைடு கலங்களால் 2.2 மைக்ரானில் வானத்தை அளந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள் பட்டியலாயின.

விமான நிலைய வெப்பக் கேமராவும் காய்ச்சல் துப்பாக்கியும் இதே வகையா?

இல்லை. குளிரூட்டாத வெப்பக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது நுண் போலோமீட்டர்; நெற்றியில் நீட்டும் வெப்பமானியில் தெர்மோபைல்; மாடிப்படி விளக்கைப் போடும் உணரி பைரோமின் வகை. இவை மூன்றும் கதிர்வீச்சால் தாம் சூடாகி அதை அளப்பவை. ஃபோட்டானை எண்ணுவதில்லை, ஆகவே மெதுவானவை, மலிவானவை.

கல்லூரி ஆய்வகத்தில் லெட் சல்பைடு படலம் செய்ய முடியுமா?

முடியும். லெட் அசிட்டேட், சோடியம் ஹைட்ராக்சைடு, தயோயூரியா. கரைசலில் சுத்தமான கண்ணாடித் தகட்டை நிறுத்தி வைத்தால் தெளிந்த நீர் பழுப்பாகி, கறுத்து, தகட்டின் மேல் கண்ணாடி போலப் பளபளக்கும் சாம்பல் படலம் படியும். ஒரு மைக்ரான் தடிமன் போதும். படலம் வருவது பாதி வேலைதான். காற்றில் வைத்து மிதமாகச் சூடாக்கி ஆக்ஸிஜனை ஏற்ற வேண்டும், அதன் பிறகே நன்றாக ஒளியை உணரும். தங்க முனைகள் பூசிவிட்டால் மேலே சொன்ன சால்டரிங் அயர்ன் சோதனைக்கு வைக்கலாம். லெட் உப்பும் தயோயூரியாவும் விஷம். புகைக் கூண்டுக்குள் செய்யுங்கள், கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கையாளும்போது எதில் கவனம் வேண்டும்?

எம்.சி.டி.யின் தடையை மல்டிமீட்டரால் அளக்காதீர்கள், மீட்டர் செலுத்தும் மின்னோட்டமே அதைச் சாகடிக்கலாம். சூடாக்கவும் வேண்டாம், மெர்க்குரி வெளியேறும். லெட் சல்பைடை வெளிச்சத்தில் திறந்து போட்டால் அதன் தடை நகர்ந்துவிடும், இருட்டில் வையுங்கள். உணரியின் முன்னுள்ள ஜன்னல் எதனால் ஆனது என்று பாருங்கள்: சாதாரணக் கண்ணாடி 3 மைக்ரானை எட்டுமுன்பே மறிக்கத் தொடங்கிவிடும், நீலக்கல் 5 வரை விடும், அதற்கு மேல் ஜெர்மானியம் அல்லது துத்தநாக செலினைடு.

இன்றைக்கு இதெல்லாம் பழைய சரக்கு இல்லையா?

ராணுவக் கேமராக்களில் ஆமாம். மற்ற இடங்களில் இல்லை. 2013ல் ஏவிய லேண்ட்சாட்-8ன் வெப்பக் கருவியில் இருப்பது காலியம் ஆர்சனைடு குவாண்டம் கிணறு உணரிகள்; அவையும் ஒளிக்கடத்திகளே, 43 கெல்வினில் வேலை செய்கின்றன. சென்னையில் எந்தப் பகுதி எவ்வளவு சூடு என்று வண்ணப் படம் போட்டு வரும் ஆய்வுகளில் பல அந்தக் கருவியின் தரவை வைத்து வரைந்தவை. கொதிகலனில் சுடர் எரிகிறதா என்று பார்க்க லெட் சல்பைடு, 4.26 மைக்ரானில் கார்பன் டை ஆக்சைடை அளக்க லெட் செலினைடு, தானியத்தின் ஈரத்தை 1.94 மைக்ரானில் அளக்க மறுபடி லெட் சல்பைடு.

அப்படியானால் எதை வாங்குவது?

முதலில் எந்த அலைநீளம் என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள். 1.7 மைக்ரானுக்குள் என்றால் இண்டியம் காலியம் ஆர்சனைடு டையோடு. ஒளிக்கடத்தி தேவையே இல்லை. 3 மைக்ரான் வரை, வேகம் அவசரமில்லை என்றால் லெட் சல்பைடு. 4.5 வரை என்றால் சின்னப் பெல்ட்டியர் குளிரூட்டியோடு (மின்சாரத்தால் குளிர வைக்கும் தகடு) வரும் லெட் செலினைடு. 5 முதல் 14 வரை வேகமும் நுண்மையும் வேண்டும், தினமும் நைட்ரஜன் கிடைக்கும் என்றால் மட்டும் எம்.சி.டி. நைட்ரஜன் வாரம் ஒருமுறைதான் வரும் ஊரில் இருந்தால் அந்தப் பணத்தை அதில் போடாதீர்கள், எஃப்.டி.ஐ.ஆரோடு வரும் சாதாரண டி.டி.ஜி.எஸ். உணரியே (சூட்டை அளக்கும் வகை) அறை வெப்பநிலையில் பெரும்பாலான மாதிரிகளை அளந்துவிடும், கொஞ்சம் கூடுதல் நேரம் ஸ்கேன் ஓடவிட வேண்டும், அவ்வளவுதான்.